இருபத்தெட்டாவது மாதம்

ஒரு வருஷத்துக்கு மொத்தம் பன்னிரண்டு மாதம்தான் என்று வேலப்பன் அதுவரை நம்பிக்கொண்டிருந்தான். பழனியில் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் கையில் இருந்த மனுவில் '3/28/59' என்று மணிமணியான எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாம் தேதி, இருபத்தெட்டாவது மாதம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான். மாதம் குறையவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, ஆபீஸ் கொட்டகையில், போளூர் ஆண்டிச்சாமி பசுவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். கழுத்துக்கு ஒன்று, கொம்புகளுக்கு ஒன்று. நெற்றியில் குங்குமத்தை அப்பிவிட்டு, "லட்சுமி, ஏ லட்சுமி" என்று அதன் தாடையைத் தடவினார். அந்த மாட்டுக்கு ஐந்து வருஷமாக டெய்சி என்று பெயர். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டெய்சி வந்த கதை இதுதான். கோடைக்கானல் ஏரிக்கரையில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசானி, ஊரைவிட்டுக் கப்பலேறும்போது தன் சீமைப் பசுவை மேல்மலை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அங்கத்தினர்களில் யார் முதலில் மனு கொடுக்கிறார்களோ அவர்களுக்கே மாடு என்று சங்கம் தீர்மானம் போட்டது. மனு கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் ஐந்து என்று ஜனவரி ஒன்றாம் தேதி அறிவிப்பை ஒட்டியவன் சங்கத்தின் தற்காலிகக் குமாஸ்தா வேலப்பன். ஒட்டிய கையோடு மூன்று மாதப் பயிற்சிக்கு மதுரைக்குப் போனான். போகும்போது பியூன் பொன்னுவேலிடம் ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

"அண்ணே, தேதியும் நேரமும் போடாத மனு செல்லாது. அப்படிக் கொண்டு வந்தா வாங்காதீங்க."

"சரி சார்."

ஏப்ரல் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, திரும்பி வந்தான். பிஸ்கட் டின்னில் இருபத்திமூன்று மனுக்கள் இருந்தன. ஒன்றில்கூடத் தேதியோ நேரமோ விட்டுப்போகவில்லை. பொன்னுவேலை மனதுக்குள் மெச்சிக்கொண்டு, இருப்பதிலேயே முந்திய தேதியைத் தேடினான். ஆண்டிச்சாமியின் மனுவில் '3/1/59, மாலை 4 மணி' என்று இருந்தது. ஜனவரி மூன்று. அறிவிப்பு ஒட்டி மூன்றாம் நாள். பெயரை எழுதிப் பலகையில் ஒட்டினான். சேதி பூண்டு லாரியில் ஏறி மலைக்கிராமமான போளூருக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி மனுக்களையும் வரிசைப்படுத்திப் பட்டியல் எழுதலாம் என்று செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்தபோதுதான் இந்த இருபத்தெட்டாவது மாதம் குறுக்கே வந்தது.

அந்த மனுவையும் ஆண்டிச்சாமியின் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே கையெழுத்து. இன்னும் இரண்டு மனுக்களிலும் அதே கை.

"அண்ணே, இது யாரு எழுத்து?"

பொன்னுவேல் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது, தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுதாதவர். ஆனால் எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். "நம்ம ராமரு. அமெரிக்கன் ஸ்கூல்ல சமையக்காரரு."

வேலப்பன் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். ராமர் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு ரொட்டி மாவைக் குத்திக்கொண்டிருந்தார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார். அந்த நாலு பேருக்கும் நான்தான் எழுதிக் குடுத்தேன். ஹேண்ட்ரைட்டிங் எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. இந்த இருபத்தெட்டாவது மாசம் எப்போ வரும்?"

"அது மார்ச்சு சார். மார்ச் ட்வெண்டி எய்ட்டு. எங்க கிச்சன்ல மாவு மூட்டையிலேருந்து ஜாம் பாட்டில் வரைக்கும் மாசந்தான் ஃபர்ஸ்ட்டு. நாளு அதுக்குப் பொறவுதான். பதினாறு வருசமா அப்படித்தான் எழுதுறேன்."

"அப்போ ஆண்டிச்சாமிக்கு நீங்க போட்ட மூணு, ஒண்ணு?"

"மார்ச்சு ஒண்ணு."

வேலப்பன் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். ஒரே ஒரு சாய்ந்த கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்ததில் ஆண்டிச்சாமி இரண்டு மாதம் பின்னால் போய்விட்டார்.

அவன் பயந்தது ஆண்டிச்சாமிக்காக மட்டும் அல்ல. வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து துணைப் பதிவாளர் வருகிறார். மாட்டைக் கொடுத்த விவரத்தைப் பார்த்துவிட்டு, குமாஸ்தா வேலையை நிரந்தரமாக்குவதா, ஆளை வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்றைக்கே முடிவு செய்வார். வேலப்பனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நிலையில்லாத வேலையை நம்பிக் குளிர்காட்டுக்குப் பெண்ணை அனுப்பமாட்டோம் என்று மாமனார் வீட்டில் சொல்லிவிட்டதால், விசாலாட்சி இன்னும் பழனியிலேயே இருந்தாள். மாதத்தில் இரண்டு தடவை வத்தலக்குண்டில் பஸ் மாறி, திண்டுக்கல்லில் பஸ் மாறி, அரை நாள் போய்ப் பார்த்துவிட்டு அரை நாள் திரும்பி வருவான். அவளை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குப் பஸ் வாடை அடித்தது. இந்தத் தடவை வேலை உறுதியாகிவிடும் என்ற தைரியத்தில் வீடு ஒன்றும் பார்த்து, வெள்ளிக்கிழமை வரச் சொல்லிக் கடிதமும் போட்டுவிட்டான்.

திரும்பி வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. ஆண்டிச்சாமி மாட்டை நாயுடுபுரத்தில் தன் தம்பி வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம். வேலப்பன் அங்கே ஓடினான். வீட்டு முன்னால் பத்துப் பதினைந்து பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் ஆண்டிச்சாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாச்சு. யார் வீட்டுக்கு எத்தனை படி பாலுன்னு பங்குகூடப் பிரிச்சாச்சு."

"தப்பு என்னோடதுதாங்க. மாசத்தை நாளுன்னு நெனச்சிட்டேன்."

"மாட்டைக் கொண்டுபோங்க. ஆனா பேரை மாத்தக் கூடாது."

வேலப்பன் ஒப்புக்கொண்டான். மாலையும் குங்குமமுமாக டெய்சியை அவனே கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு வந்தான். நிறைசினை மாடு, இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கியது. கூடவே அவனும் வாங்கினான்.

சங்கத் தலைவர் சேனாதிபதி ஆபீஸ் வாசலில் காத்திருந்தார். பூண்டு வியாபாரி; எதையும் எடைபோட்டுப் பேசுகிறவர்.

"வேலப்பா, வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு ஆளு கையில மாடு இருக்கணும். அது மேல ஒரு புகாரும் இருக்கக் கூடாது. ஒரு புகாரு வந்துச்சுன்னாலும் உன் காகிதத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன். வருத்தப்படாத, சொல்லிட்டேன்."

வருத்தப்படாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

அன்று மாலைக்குள் வேலப்பன் ஒரு சட்டம் வகுத்தான். ராமர் எழுதிய நாலு மனுக்களுக்கும் மாதம் முதலில். மற்றவர்களுக்கு நாள் முதலில். இது சுலபமாகத்தான் இருந்தது. சிக்கல் அடுத்த கட்டில் இருந்தது. ஒன்பது பேர் தமிழ்த் தேதி போட்டிருந்தார்கள். தை ஐந்து, மாசி இருபது, பங்குனி இரண்டு என்று மாதம் மட்டும் இருந்தது, வருஷம் இல்லை. அவற்றை இங்கிலீஷ் தேதியாக மாற்றினால்தான் மற்றதோடு சேர்த்து வரிசைப்படுத்த முடியும்.

புதன்கிழமை காலையில் வெள்ளனே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பஞ்சாங்கம் வாங்கி வந்தான். மை வாசனை மாறாத பஞ்சாங்கம். ஒவ்வொரு மனுவாக எடுத்துப் பஞ்சாங்கத்தில் தேடி, பக்கத்தில் இங்கிலீஷ் தேதியை எழுதினான். எழுதி முடித்துப் பார்த்தால் ஒன்பது மனுக்களும் 1960-ஆம் வருஷத்தில் போய் நின்றன.

"இந்த ஒம்பது பேரும் இன்னும் மனுவே குடுக்கலை அண்ணே" என்றான் பொன்னுவேலிடம். "வர்ற வருசந்தான் குடுப்பாங்க."

"அப்படியா சார்?" என்றார் பொன்னுவேல். "படிச்சவங்க சொன்னாச் சரிதான்." அவர் டெய்சிக்குத் தவிடு கலக்கப் போய்விட்டார்.

வேலப்பனுக்கும் இது விபரீதமாகத்தான் பட்டது. ஆனால் அச்சடித்த புத்தகம் அல்லவா? தேதி தெரியாமல் ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று ஒன்பதையும் கட்டி ஓரமாக வைத்தான். மீதி பதினான்கில் முந்தியது பெருமாள்மலை திருமலைச்சாமியின் மனு. '7-1-59, காலை 6-30'. பேரிக்காய்த் தோட்டக்காரர். எழுத்து அவருடையதேதான் என்று பொன்னுவேலைக் கேட்டு உறுதி செய்துகொண்டான். படுத்த கோடுதான், சாய்ந்த கோடு இல்லை. இரண்டு தரம் பார்த்துக்கொண்டு ஒட்டினான்.

திருமலைச்சாமி மத்தியானமே லாரியோடு வந்துவிட்டார். லாரியில் வைக்கோல் பரப்பி, ஏறுவதற்குப் பலகை சாய்த்து, டெய்சியை மணப்பெண்ணை ஏற்றுவதுபோல ஏற்றினார்.

"என்ன பேரு வச்சிருக்கீக இதுக்கு?"

"லட்சுமிங்க. பேரை மாத்தக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு."

"எங்க வீட்டுக்காரி பேரு லட்சுமி. நான் மாட்டையும் லட்சுமின்னு கூப்பிட்டு வீட்டுல குடியிருக்க முடியுமா? செவப்பின்னு வச்சுக்கிறேன்."

லாரி போனதும் வேலப்பன் ஒரு காப்பி குடித்தான். அந்த வாரத்திலேயே சூடாகக் குடித்த முதல் காப்பி அது.

வியாழக்கிழமை காலையில் ஒரு பெண் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். முழங்காலுக்கு மேல் சேலையைச் செருகி, கையில் கம்போடு, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளகவி சின்னத்தாயி. பஸ் போகாத ஊர். ஒற்றையடிப் பாதையில் மலையேறித்தான் வரவேண்டும்.

"மாட்டை யாருக்கோ குடுத்துட்டதாச் சொன்னாக. என் மனு எங்கய்யா?"

வேலப்பன் ஓரத்துக் கட்டை அவிழ்த்தான். 'மார்கழி 22, உதயாதி நாழிகை 58' என்று அவள் மனுவில் இருந்தது.

"அக்கா, உங்க தேதி இன்னும் வரலை. அடுத்த வருசம் ஜனவரி ஆறு."

சின்னத்தாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வராத நாளை எனக்கு எப்படிய்யா தெரியும்? அந்த நாளு வந்து போயிருச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

"பஞ்சாங்கத்துல அப்படித்தான் இருக்கு."

"பஞ்சாங்கம் பாத்துத்தான் நானும் நாளு சொல்றேன். எங்க ஊருப் பூசாரி குறிச்ச நேரம் அது."

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கம்பைக் குறுக்கே வைத்துக்கொண்டாள். நாளைக்குப் பெரிய ஆபீசர் வருகிறாராமே, அவரிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றாள். புகார் வந்து வாசலில் குந்திவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு கூலியாளின் தலையில் தகரப் பெட்டியும், பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விசாலாட்சியும் வந்துகொண்டிருந்தார்கள்.

"விசாலம்! வெள்ளிக்கெழமதானே வரச் சொன்னேன்?"

"வெள்ளிக்கெழம பொறந்த வீட்டுலேருந்து பொண்ணை யாராவது அனுப்புவாங்களா? அதான் நேத்தே கெளம்பி, திண்டுக்கல்லுல அத்தை வீட்டுல தங்கி வந்துட்டேன். ஏன், மூஞ்சி இப்படிக் கெடக்கு? நான் வந்தது புடிக்கலையா?"

புடிச்சிருக்கு என்று சொல்வதற்கு அவனுக்கு அரை நிமிஷம் ஆயிற்று. அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினான். இருபத்தெட்டாவது மாதம், மூன்று பெயர் வைத்த மாடு, இன்னும் மனுவே கொடுக்காத ஒன்பது பேர், வாசலில் சின்னத்தாயி. நாளைக்கு இந்நேரம் வேலை போய்விடும், நீ பெட்டியை அவிழ்க்க வேண்டாம், அப்படியே திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்றான்.

விசாலாட்சி மேஜைமேல் இருந்த பஞ்சாங்கத்தை எடுத்தாள். அவள் அப்பா பழனி மலைக்கோயிலில் ஊழியம் செய்கிறவர். பஞ்சாங்கம் பார்க்காமல் அந்த வீட்டில் ஊறுகாய்கூடப் போடமாட்டார்கள். அட்டையை ஒரு தரம் பார்த்தாள், அவனை ஒரு தரம் பார்த்தாள்.

"என்னங்க, இது விகாரி வருசம்."

"அதனால?"

"விகாரி வர்ற செவ்வாக்கெழமதான் பொறக்குது. சித்திரை ஒண்ணாந்தேதிக்கு விக்கிறதுக்குன்னு அடிச்ச புதுப் பஞ்சாங்கம் இது. இப்ப நடக்குறது விளம்பி. போன மார்கழியை வர்ற பஞ்சாங்கத்துல தேடுனா எங்கேருந்து கெடைக்கும்?"

வேலப்பன் தலையில் அடித்துக்கொண்டான். விசாலாட்சி தகரப் பெட்டியைத் திறந்தாள். வழியில் நல்ல நேரம் பார்த்து பஸ் ஏறட்டும் என்று அப்பா வைத்துவிட்டிருந்த பழைய பஞ்சாங்கம் சேலைகளுக்கு நடுவே இருந்தது. விளம்பி மார்கழி இருபத்திரண்டு, 1959 ஜனவரி ஆறாம் தேதி.

"திருமலைச்சாமி ஏழாந்தேதி. இந்த அக்கா ஆறாந்தேதி. ஒரு நாள் முந்தி!" என்று வேலப்பன் துள்ளினான்.

"இருங்க, இருங்க. நாழிகை அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கே. நாழிகையைச் சூரியன் உதிச்சதுலேருந்து எண்ணணும். அறுபது ஆனாத்தான் மறு உதயம். அம்பத்தெட்டுன்னா மறுநாள் சூரியன் உதிக்க இன்னும் ரெண்டு நாழிகை பாக்கி. அது நமக்கு இன்னும் மார்கழி இருபத்திரண்டுதான். இங்கிலீஷ்காரனுக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கே ஏழு பொறந்துருச்சு."

"அப்போ ரெண்டு பேரும் ஏழாந்தேதியா?"

"ரெண்டு நாழிகைன்னா நாப்பத்தெட்டு நிமிசம். அன்னைக்கு உதயம் ஆறரை மணி. கழிச்சா அஞ்சு நாப்பத்திரண்டு. திருமலைச்சாமி எத்தனை மணி போட்டிருக்காரு?"

"ஆறு முப்பது."

இருவரும் வாசலில் இருந்த சின்னத்தாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். மார்கழிக் குளிரில், விடிவதற்கு முன்னால், அந்தப் பாதையில் ஏறி வந்து ஒரு மாட்டுக்காக மனுவோடு நின்றிருக்கிறாள். எப்போது வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பாள்! வேலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. விசாலாட்சி ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தாள்.

அன்று பகல் முழுவதும் புருஷனும் பெண்டாட்டியும் பழைய காலண்டர் அட்டைகளைச் சின்னச் சின்னதாக வெட்டினார்கள். ஆளுக்கு ஓர் அட்டை. எல்லாத் தேதியையும் ஒரே மாதிரி எழுதினான் வேலப்பன். முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு நாள், கடைசியில் மணியும் நிமிஷமும். எல்லாமே எண், ஒற்றை இலக்கமாக இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம். அப்படி எழுதிவிட்டால் தேதி என்பதையே மறந்துவிடலாம். சின்ன எண் முன்னால், பெரிய எண் பின்னால். இருபத்திமூன்று அட்டையும் ஐந்து நிமிஷத்தில் வரிசைக்கு வந்தன. உலகத்தில் இவ்வளவு நிம்மதியான காட்சியை அவன் பார்த்ததில்லை.

முதல் அட்டை சின்னத்தாயி. இரண்டாவது திருமலைச்சாமி. ஆண்டிச்சாமி பதினொன்று.

மாட்டைத் திருப்பி வாங்க வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் எல்லோருமாகப் பெருமாள்மலைக்குப் போனார்கள். வேலப்பன், விசாலாட்சி, சின்னத்தாயி, தலைவர் சேனாதிபதி. பெயரை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஆண்டிச்சாமி முன்னாலேயே வந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"லட்சுமிய எப்படிய்யா செவப்பின்னு கூப்பிடுவீக?"

"என் தொழுவுல நிக்கிற மாடு. எப்படியும் கூப்பிடுவேன்."

"உங்க தொழுவுல நிக்கக் கூடாத மாடுங்க அது" என்றான் வேலப்பன், பயந்துகொண்டே.

சத்தம் சாலைக்குக் கேட்டது. அந்தச் சாலையில்தான் துணைப் பதிவாளரின் ஜீப் ஏறி வந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து ஜீப் நின்றது. கோடைக்கானல் ஆபீசில் பதினோரு மணிக்கு நடக்கவேண்டிய விசாரணை, பேரிமரத்தடியில் எட்டரை மணிக்கே ஆரம்பமாகிவிட்டது. சேனாதிபதி வேலப்பனைப் பார்த்த பார்வையில் அவன் வேலை பாதி போய்விட்டது.

வேலப்பன் ஒரு மரப்பெட்டிமேல் அட்டைகளைப் பரப்பினான். செய்த தவறு இரண்டையும் மறைக்காமல் சொன்னான். மாதம் முதலில் வரும் கை, நாள் முதலில் வரும் கை, தமிழ் மாதம், நாழிகை, எல்லாவற்றையும் விளக்கினான். துணைப் பதிவாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்த மாதிரி வருஷத்தை முன்னால எழுதினா எண்ணை மட்டும் பார்த்தே அடுக்கிடலாமா?"

"ஆமாங்க ஐயா."

"எங்க ஆபீஸ்ல பத்து வருஷமா ஃபைலைத் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார் அவர், தனக்குள்ளேயே. பிறகு சின்னத்தாயியிடம் திரும்பினார். "ஏம்மா, நேரத்தை எப்படி இவ்வளவு துல்லியமாப் போட்டே?"

"பூசாரி குறிச்சுக் குடுத்த நேரமுங்க. ஒரு விநாடி பிந்தவிடலை நானு."

"மார்கழிக் குளிராச்சே?"

"அன்னைக்கு இருந்த சந்தோசத்துல குளிரே தெரியலைங்க."

துணைப் பதிவாளர் அசந்துபோனார். அங்கத்தினர் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். திருமலைச்சாமிகூடத் தலையை ஆட்டினார். நாற்பத்தெட்டு நிமிஷத்தில் தோற்றாலும் அப்படிப்பட்ட பொம்பளையிடம் தோற்றதில் கேவலமில்லை என்றார்.

பிரசங்கம் முடிவதற்குள் தொழுவிலிருந்து ஒரு கூச்சல். டெய்சி கன்று போட்டுவிட்டது. கிடாரி, தாயைப் போலவே செம்பட்டை. கன்று யாருக்கு என்று தீர்மானத்தில் இல்லை. துணைப் பதிவாளர் யோசித்தே பார்க்கவில்லை. தாய் முதல் மனுவுக்கு, கன்று பால் மறந்த பிறகு இரண்டாவது மனுவுக்கு. எனக்கு என்ன என்று ஆண்டிச்சாமி முன்னால் வந்து கேட்டார். தாயின் பெயர் லட்சுமியாகவே இருக்கும் என்று சின்னத்தாயி வாக்குக் கொடுத்தாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. போளூரில் பால் பங்கு பிரித்த கதையை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

வேலை நிரந்தரமானது. காகிதத்தில் சேனாதிபதி கையெழுத்துப் போட்டபோது பேனா மை காயும்வரை வேலப்பன் ஊதிக்கொண்டே நின்றான். தேதி எழுதும் முறையை விளக்கி ஜில்லாவில் உள்ள எல்லாச் சங்கங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டுத் துணைப் பதிவாளர் ஜீப்பில் ஏறினார்.

சாயங்காலம் புது வீட்டில் விசாலாட்சி அடுப்பு மூட்டினாள். பால் பொங்கியது. பொன்னுவேல் ஆபீசில் இருந்த தகரப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். வேலப்பன் அவருக்குத் தன் கையாலேயே காப்பி ஆற்றிக் கொடுத்தான். இப்படி ஒரு சந்தோஷம் அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

"எல்லாம் உங்களாலதான் அண்ணே. மூணு மாசமும் ஒருத்தர் விடாம நாளும் நேரமும் போட வச்சீங்க. அந்தக் குளிர்ல விடியுமுன்ன கதவைத் தட்டுன ஆளுக்கும் எந்திரிச்சு மனு வாங்கியிருக்கீங்க."

"யாரு தட்டுனா?" பொன்னுவேல் காப்பியை ஊதிக் குடித்தார். "மூணு மாசமா ஒரு ஈ காக்கா வரலை சார். போன ஞாயித்துக்கெழம, கடைசி நாளு, சந்தைக்கு வந்த எடத்துல இருபத்திமூணு பேரும் ஒண்ணா வந்து நின்னாக."

வேலப்பனின் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது.

"அப்போ அந்தத் தேதியெல்லாம்?"

"எல்லாரும் ஏப்ரல் அஞ்சுன்னே போட்டா நீங்க யாரை முன்னால வைப்பீக? பாவம், திணறிப்போயிருவீக. அதான், அறிவிப்பு ஒட்டுனதுலேருந்து இன்னைவரைக்கும் உங்களுக்கு மனசு குளுந்த நாளு எது, நேரம் எது, அதைப் போடுங்கன்னேன். திருமலைச்சாமி அய்யா பேரன் பொறந்த நேரத்தைப் போட்டாரு."

விசாலாட்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வேலப்பன் ஒரு மிடறு விழுங்கிவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"சின்னத்தாயி அக்கா? விடியுமுன்ன, அஞ்சு நாப்பத்திரண்டு?"

"அதுவா? அவுக மாமியா நல்ல நேரம் பாத்துப் பொட்டியக் கட்டிக்கிட்டு மக வீட்டுக்குக் கெளம்புன நேரம் சார்."